உறுதி இல்லாத காணியும் ஓடிப்போகும் மண்ணும்

மாரி மழை பிடித்து ஒரு கிழமை சென்றபின், புத்தளம் நகருக்கு வடக்கே மீ ஓயாப் பாலத்தில் சற்று நின்று கீழே பாருங்கள். புரட்டாதி வரை மணல் தெரியக் கிடந்த ஆறு கரைமுட்டி ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீரின் நிறம் பால் குறைந்த தேநீரின் நிறமாக இருக்கும். அது களப்பில் விழும் இடத்தில் அந்தப் பழுப்பு நிறம் தெளிந்த நீருக்குள் நெடுந்தூரம் பரவிச் செல்வதைத் தோணிகளில் போவோர் நன்கு அறிவர்.

சென்ற மாரியில் அப்படி நின்றபோது என்னருகே ஒரு விவசாயியும் நின்றார். 1990இல் முசலியிலிருந்து உடுத்த உடையோடு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அங்கே வயல்காரராக இருந்தவர், இங்கே பிறர் காணியில் போகத்துக்குப் போகம் பயிர் செய்து பிள்ளைகளை வளர்த்தவர்.

“பாதர், இவ்வளவு மண்ணும் கடலுக்கா போகுது?” என்று கேட்டார்.

“கடல் வரைக்கும் போறது கொஞ்சந்தான் காக்கா. மிச்சமெல்லாம் களப்புக்குள்ளேயே படிஞ்சிடும்” என்றேன்.

சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “இதுல நான் செய்யிற காணிட மண்ணும் இருக்கும். ஆனா காணி எங்கடயில்லையே. வரம்பு கட்டி என்ன பிரயோசனம்? வாற போகம் அதை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்க.”

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கு ஒரு பதிலைத் தேடும் முயற்சியே.

களப்பு என்னும் பெரிய பாத்திரம்

புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கையின் மிகப் பெரிய களப்புகளில் ஒன்று. ஆனால் பரப்பைப் பார்த்து ஆழத்தை மதிப்பிட்டுவிடக் கூடாது. அதன் பெரும்பகுதியில் சராசரி ஆழம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது. பெரிய தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரைப் போன்றது அது. தாம்பாளத்தில் ஒரு பிடி மண்ணைப் போட்டாலும் உடனே தெரிந்துவிடும். ஆழ்ந்த கிணற்றில் போட்டால் தெரியாது.

இந்தத் தாம்பாளத்துக்கு வாசலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. கற்பிட்டித் தீபகற்பம் மேற்கே சுவர்போல நிற்க, வடக்கே மட்டுமே களப்பு கடலோடு அகலமாகக் கலக்கிறது. எமது மேற்குக் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கமும் அரை மீற்றர் அளவே. ஆகையால் தெற்குப் பக்கத்திலுள்ள நீர் இலகுவில் மாறுவதில்லை. கோடையில் அங்கே நீர் கடல்நீரிலும் கூடுதலாக உப்பேறிவிடும். பாலாவிப் பகுதியில் உப்பளங்கள் அமைந்ததற்கும் இந்த நிலைமை ஒரு காரணம். வெளியே போக வழி குறைந்த நீர், தான் சுமந்துவரும் மண்ணையும் உள்ளேயே இறக்கிவிடுகிறது.

இக்களப்புக்கு வரும் பெரிய ஆறுகள் இரண்டு. வடக்கே, வில்பத்துக் காட்டின் தெற்கு எல்லையை ஒட்டி ஓடி, எலுவன்குளத்துக்கு அப்பால் கங்கேவாடியில் களப்பைச் சேர்கிறது கலா ஓயா. மாத்தளை மலைப்பக்கம் தொடங்கி ஏறத்தாழ 148 கிலோமீற்றர் ஓடிவருகிறது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 108 கிலோமீற்றர் நீளமான மீ ஓயா. கலா ஓயாவின் நீரேந்து பிரதேசம் மட்டும் ஏறத்தாழ 2,800 சதுர கிலோமீற்றர். அந்தப் பரப்புக்குள் எவர் ஒரு துண்டுக் காட்டை வெட்டினாலும், எவர் ஒரு சேனைக்குத் தீ வைத்தாலும், அதன் கணக்கு என்றோ ஒரு நாள் இக்களப்பின் அடியில் எழுதப்படும்.

மண் எப்படிப் பிரயாணம் செய்கிறது?

மழைத்துளி உயரத்திலிருந்து விழும்போது சிறு சம்மட்டியைப் போல நிலத்தைத் தாக்குகிறது. இலையும் சருகும் புல்லும் மூடியிருந்தால் அந்த அடியை அவை வாங்கிக்கொள்ளும். நிலம் வெறுமையாக இருந்தால் மண்கட்டி உடைந்து தூளாகும். அந்தத் தூள் நிலத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். பின்பு விழும் மழை உள்ளே இறங்க வழியின்றி மேலால் ஓடும்; ஓடும்போது தூளையும் கூட்டிச் செல்லும். புத்தளத்தில் வருடத்தில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அதுவோ நாம் நிலத்தைக் கொத்தி, உழுது, வெறுமையாக வைத்திருக்கும் காலம்.

எவ்வளவு மண் போகும்? ஒரு ஏக்கர் காணியில் ஒரே ஒரு மில்லிமீற்றர் தடிப்புக் கழுவுண்டு போனதாக வைத்துக்கொள்வோம். கையிலுள்ள நாணயத்தின் தடிப்பிலும் அது குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். எனவே போன மண் ஏறத்தாழ 4 கனமீற்றர். மணல் லொறிக்காரரின் கணக்கில் ஒன்றரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைவு. நிறையில் ஏறக்குறைய 5 தொன். நூறு ஏக்கர் மேட்டுநிலமுள்ள ஒரு கிராமத்தில் இப்படி நடந்தால் 500 தொன். போவதோ பசளையையும் மக்கலையும் தாங்கிய மேல்மண். நாம் கடன்பட்டு வாங்கிப் போட்ட உரமும் அதோடுதான் போகிறது.

இதை உங்கள் வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். முதல் பெருமழையின்போது காணியின் வாய்க்காலில் ஓடும் நீரை இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் பிடியுங்கள். இரண்டையும் அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் படியும். சில மணித்தியாலங்களில் அதன்மேல் வண்டல் படியும். ஆனால் மறுநாள் காலையிலும் மேலே உள்ள நீர் கலங்கலாகவே இருக்கும். அதிலிருப்பது களி, படிய மனமில்லாத மிக நுண்ணிய மண். இப்போது ஒரு போத்தலில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி வையுங்கள். களி திரண்டு திரண்டு அடியில் இறங்குவதையும், உப்பிடாத போத்தல் கலங்கியே இருப்பதையும் காண்பீர்கள்.

ஆற்றின் வாயிலில் நடப்பதும் இதுவே. மணல் ஆற்றுப்படுக்கையிலும் முகத்துவாரத்திலும் நின்றுவிடும். நுண்ணிய களி ஆற்றுநீரோடு களப்பு வரை வந்து, உப்புநீரைச் சந்தித்ததும் திரண்டு சேறாகப் படியும். அந்தச் சேறு வெயிலை மறைத்தால் அடியிலுள்ள சாதாழை என்னும் கடற்புல் வளராது. சாதாழை இல்லாத இடத்தில் இறாற்குஞ்சும் நண்டும் மீன்குஞ்சும் ஒதுங்க இடமில்லை. விவசாயி இழந்த மண் இவ்வாறு மீனவரின் வலையையும் வெறுமையாக்குகிறது.

மேலே நடந்த மாற்றங்கள்

ஒரு காலத்தில் சேனைக்காரர் ஒரு துண்டுக் காட்டை வெட்டி ஓரிரு வருடம் பயிர் செய்துவிட்டு, பல வருடங்களுக்கு அதைக் காடாக விட்டுவிடுவர். மண் இளைப்பாறிக்கொள்ளும். சனத்தொகை பெருகி, நிலம் சுருங்கியபின் அந்த ஓய்வு குறைந்தது. பின்னர் உழவு இயந்திரம் வந்து, சரிவென்றும் மேடென்றும் பாராமல் மேலிருந்து கீழாக உழத் தொடங்கியது. சரிவோடு ஒத்து உழுத ஒவ்வொரு சாலும் மழைநீருக்கு ஒரு வாய்க்கால்.

மறுபுறம், ஆறுகளில் பெரிய அணைகள் எழுந்தன. கலா ஓயாவில் 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ ஏற்கெனவே இருந்தது. இராஜாங்கனை நீர்த்தேக்கம் பின்னர் வந்தது. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் கலாவெவப் பக்கம் வரத் தொடங்கி, புதிய குடியேற்றங்களும் வயல்களும் பெருகின. மீ ஓயாவில் 1980களில் இங்கினிமிட்டிய நீர்த்தேக்கம் அமைந்தது. இந்த அணைகள் மணலையும் பருத்த வண்டலையும் தம்மிடமே பிடித்துக்கொள்கின்றன. அதனால் குளங்கள் மெல்ல மெல்லத் தூர்கின்றன. நுண்ணிய களியோ அவற்றைத் தாண்டி வந்துவிடுகிறது. அணைக்குக் கீழேயுள்ள நிலங்களின் மண்ணுக்கு அந்தத் தடையும் இல்லை. வயல்களின் வடிகால் நீர் உரத்தையும் சுமந்துகொண்டு களப்புக்கு வருகிறது.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. சேறு கூடும் அதே காலத்தில் மணல் குறைகிறது. தெதுறு ஓயாவில் கட்டிட வேலைக்காக மணல் அள்ளியதால் ஆற்றுப்படுக்கை தாழ்ந்தது. உப்புநீர் ஆற்றுக்குள் ஏறியது. கடற்கரைக்கு மணல் கொடுப்பது ஆறு. அது கொடுக்காவிட்டால் கடல் கரையை அரித்தெடுக்கும். சிலாபத்துக்குத் தெற்கே கரையோர மக்கள் கல் அணைகளுக்குப் பின்னால் வாழும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம். இருக்கவேண்டிய இடத்தில் மணல் இல்லை, இருக்கக்கூடாத இடத்தில் சேறு.

கற்பிட்டித் தீபகற்பத்தின் கதை சற்று வேறு. அங்கே நிலம் மணற்பாங்கானது. தண்ணீர் மேலால் ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். எனவே மண் கழுவுண்டு போவது குறைவு. ஆனால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப்போடும் யூரியாவும் அதே வேகத்தில் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. அங்கே கிணற்றுநீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை காட்டியுள்ளனர். அந்த நீரைத்தான் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம்.

கரையில் நடந்தது

மேலிருந்து வரும் சேற்றைப் பிடித்து நிறுத்தும் கடைசி வேலி கண்டற்காடு. கண்டல், கண்ணா, தில்லை ஆகிய மரங்களின் வேர்கள் நீரின் வேகத்தைக் குறைத்து, மண்ணைத் தம் காலடியில் படியவைக்கின்றன. கலா ஓயா முகத்துவாரத்திலுள்ள கண்டற்காடு இன்றும் இலங்கையின் பெரிய கண்டற்காடுகளில் ஒன்றாக நிற்கிறது.

1980களில் இறால் பண்ணைகள் இக்கரைக்கு வந்தன. சிலாபம் தொடக்கம் முந்தல் ஊடாகப் புத்தளம் வரை, பழைய ஒல்லாந்தர் வாய்க்காலை அண்டிக் குளம் குளமாக வெட்டினார்கள். கண்டல் நிலங்களும் உவர் நிலங்களும் குளங்களாயின. ஒரு பண்ணையின் கழிவுநீர் அடுத்த பண்ணையின் வாய்க்கால் நீராயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணை பண்ணையாக இறால் மடிந்தது. பலர் குளங்களைக் கைவிட்டுச் சென்றனர். கைவிடப்பட்ட குளத்தின் வரம்பில் புல்லும் இலகுவில் முளைப்பதில்லை. கண்டல் மண்ணில் கந்தகம் உண்டு. அதை வெட்டிக் காற்றுப்பட வைத்தால் அது அமிலமாக மாறிவிடும். மூடுபயிர் இல்லாத அந்த வரம்புகள் ஒவ்வொரு மாரியிலும் கரைந்து மீண்டும் வாய்க்காலில் விழுகின்றன.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கண்டற்காடு அழிந்தது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், விறகுக்குக் கத்தியோடு போன முகாம் பெண்களைச் சுட்டும் விரல்களைக் கண்டிருக்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது வீடிழந்தோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோரைத் தாங்கியது இம்மாவட்டம். இடம் கொடுத்த ஊர்மக்களின் பெருந்தன்மையை மறக்கலாகாது. அத்தனை அடுப்புகளும் எரிய விறகு வேண்டியிருந்தது உண்மை. கிளைகள் வெட்டுண்டதும் உண்மை. ஆயினும் கிளை வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கலாம். வேரோடு தோண்டிக் குளமாக்கிய நிலம் துளிர்ப்பதில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

பிழையான இடத்தில் நட்ட கன்றுகள்

வெட்டியதை நட்டுவிட்டால் சரிதானே என்று கேட்போர் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் எத்தனையோ நிறுவனங்கள் கண்டல் நட்டன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இருக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, உப்பு எவ்வளவு, எந்த மரம் எந்த மட்டத்தில் வளரும் என்று பாராமல், எங்கும் ஒரே இனத்தை நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததுமே முக்கிய காரணங்கள். நீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டால் கண்டல் விதை தானாகவே மிதந்து வந்து முளைக்கும் இடங்களும் உண்டு. 2015இல் இலங்கையின் கண்டற்காடுகள் முழுவதையும் பாதுகாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2016இல் சிலாபத்தருகே பம்பலவில் கண்டல் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முன்னோர் அறிவும் அதன் எல்லையும்

குளத்துக்குள் மண் வராமல் தடுக்கும் வித்தை எமது நாட்டில் பழையது. வறண்ட வலயக் கிராமங்களில் குளத்துக்கு மேலே மரத்தோப்பு ஒன்றை விட்டிருப்பர். சிங்களத்தில் அதற்கு கஸ்கொம்மன என்று பெயர். பெரஹன என்னும் புல்வெளி, வரும் நீரை வடிகட்டும். இஸ்வெட்டிய என்னும் மண் வரம்பு, பக்கச் சரிவுகளிலிருந்து வரும் மண்ணைத் தடுக்கும். காட்டுக்குள் சிறு குளங்களும் இருக்கும். அவற்றின் நீரைப் பயிருக்குப் பாய்ச்சுவதில்லை. வண்டல் அங்கே படியும், விலங்குகள் அங்கே நீர் குடிக்கும். ஒரு குளத்தின் மிச்சநீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி சங்கிலித் தொடராக அமைந்த இந்தக் குளக் கிராம முறையை, உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக அங்கீகரித்தது.

ஆனால் பழையதெல்லாம் நல்லது என்றும் எண்ணிவிடலாகாது. மெக்சிக்கோ நாட்டில், எரிமலைகள் சூழ்ந்த மேட்டுநிலத்தில் பாட்ஸ்குவாரோ என்றோர் ஏரி உண்டு. அதன் அடிச்சேற்றில் நீண்ட குழாய்களை இறக்கி, அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தனர். ஏரிச்சேறு கணக்குப் புத்தகம் போன்றது; ஆழத்தில் இருப்பது பழைய ஏடு, மேலே இருப்பது புதிய ஏடு. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் மாட்டையும் கலப்பையையும் கொண்டுவந்த பின்னரே மண்ணரிப்பு வந்ததென்று பலரும் நம்பியிருந்தனர். 1993இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. கலப்பை வருமுன்பே, கைக்கருவியால் சோளம் பயிரிட்ட பூர்வீக மக்களின் காலத்திலேயே, அதற்குச் சற்றும் குறையாத அளவு மண் ஏரிக்குள் வந்திருக்கிறது. பழைய முறைக்குத் திரும்பினால் மட்டும் மண் தங்கிவிடாது என்று அவர்கள் முடித்தனர்.

எமக்கும் அதில் பாடம் உண்டு. மண்வெட்டியானாலும் உழவு இயந்திரமானாலும், சரிவை வெறுமையாக விட்டவன் மண்ணை இழப்பான்.

உறுதி இல்லாத காணி

இப்போது பாலத்தடியில் கேட்ட கேள்விக்கு வருவோம். காணி எங்களுடையதல்ல, வரம்பு ஏன் கட்டவேண்டும்?

இது சோம்பலால் எழுந்த கேள்வியல்ல. ஒரு போகத்துக்கு மட்டும் வாய்ப்பேச்சில் காணி எடுப்பவர், அந்தப் போகத்தில் கிடைப்பதையே எண்ணுவார். வரம்பு கட்டும் உழைப்பு அவருடையது. அதன் முழுப் பலனும் மூன்று நான்கு வருடங்களில், காணிக்காரருக்கு. இதை அறிந்துகொண்டே வரம்பு கட்டச் சொல்வது ஏழையிடம் தானம் கேட்பதற்குச் சமம். நெற்காணியை வாரத்துக்குச் செய்பவருக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. மேட்டுக்காணியை ஒரு போகத்துக்கு எடுப்பவர் அதன் நிழலுக்கு வெளியே நிற்கிறார். ஆகவே களப்பில் படியும் சேற்றுக்கு மழையும் சரிவும் மட்டுமல்ல, உறுதியற்ற குத்தகையும் ஒரு காரணமென்றே கொள்ளவேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி, வேலைக்குப் பதிலாக வருடங்களைக் கேட்பது. “உங்கள் காணியில் சரிவுக்குக் குறுக்கே வரம்பு போட்டு, வேலிமரம் நட்டுத் தருகிறோம், அதற்கு ஈடாக ஐந்து வருடம் இக்காணியை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள்” என்று காணிக்காரரிடம் பேசலாம். பேசியதை எழுத்தில் வையுங்கள்; கிராம அலுவலரையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் சாட்சியாக வையுங்கள். எல்லாக் காணிக்காரரும் இணங்கமாட்டார்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட, பத்துக் குடும்பம் சேர்ந்து சங்கமாகக் கேட்டால் இணங்குவோர் கூடுவர். தன் காணியின் மண் தங்குவதில் அவர்களுக்கும் இலாபம் உண்டல்லவா?

2009இல் யுத்தம் முடிந்தபின் மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பியவர்களுக்கும் இது பொருந்தும். இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த வயல்கள் காடாகியிருந்தன, குளக்கட்டுகளில் மரம் முளைத்திருந்தது, வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன. பிறந்த மண்ணுக்குத் திரும்புவது எவராலும் பறிக்க முடியாத உரிமை. அதேவேளை, வில்பத்துக்கு வடக்கே குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது தொடர்பாக வழக்கு நடந்து, 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மரங்களை மீள நடுமாறு தீர்ப்பளித்ததையும் நாம் அறிவோம். யார் எங்கே குடியேறலாம் என்ற விவாதத்தை நான் இங்கே தீர்க்க வரவில்லை. குளத்துக்கு மேலே உள்ள காட்டை வெட்டிவிட்டால், அந்தக் குளத்தை நம்பித் திரும்பிய குடும்பமே முதலில் நீரின்றித் தவிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். குடியேற்றக் காணி பிரிக்கும் கூட்டங்களில், குளத்தின் மேற்புறத்தை எவருக்கும் பிரிக்காமல் பொதுவாக விடும்படி நீங்களே முதலில் கேளுங்கள்.

இந்த மாரிக்கு முன் செய்யக்கூடியவை

1. சம மட்டம் பாருங்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு நேரான தடிகளை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவே குறுக்குத் தடி ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கால்களை இரு இடத்தில் ஊன்றி, நூல் குறுக்குத் தடியைத் தொடும் இடத்தில் குறியிடுங்கள். கால்களை இடம்மாற்றி ஊன்றி மறுபடியும் குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் நடுவே மூன்றாவது குறி. நூல் அந்த நடுக்குறியில் நிற்கும்போது இரு கால்களும் சம மட்டத்தில் உள்ளன. இப்படியே காலை மாற்றி மாற்றி நடந்து முளை அடித்துச் சென்றால், சரிவுக்குக் குறுக்கான சமமட்டக் கோடு கிடைக்கும். செலவு ஒன்றுமில்லை.

2. அந்தக் கோட்டில் வரம்பு போடுங்கள். கல் உள்ள இடத்தில் கல்லை அடுக்குங்கள். வரம்பின்மேல் வெட்டிவேரோ, கிளிசரியா என்னும் சீமைக்கிளுவையோ நெருக்கமாக நடுங்கள். சீமைக்கிளுவையின் இலை பசளைக்கும் ஆட்டுக்கும், கிளை அடுப்புக்கும் உதவும். கண்டற்காட்டுக்கு விறகுக்குப் போகும் நடையும் குறையும்.

3. உழவு இயந்திரக்காரரிடம் சரிவுக்குக் குறுக்கே உழும்படி கேளுங்கள். திரும்பும் நேரம் சற்றுக் கூடும். அதற்காகச் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் உங்கள் உரம் காணியில் நிற்கும். வரம்பின் பலனில் இந்தப் போகமே கையில் கிடைப்பது இதுதான்.

4. பயிர்க் குப்பையை எரிக்காதீர்கள். நிலத்தின் மேல் பரப்புங்கள். மழைத்துளியின் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

5. வாய்க்கால் காணியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு குழி வெட்டுங்கள். மண் அதில் படியும். மாரி முடிந்ததும் அதை அள்ளி மீண்டும் காணியில் போடுங்கள். அது நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த மண்.

6. ஆற்றின் இரு கரையிலும், களப்பின் கரையிலும் சில யார் அகலமாவது புல்லும் மரமும் நிற்க விடுங்கள். அந்தத் துண்டில் கிடைக்கும் நாலு மூடை வெங்காயத்துக்காக அதை உழாதீர்கள்.

7. மீனவர் சங்கத்தோடு பேசுங்கள். களப்பு கலங்குவதைப் பற்றி அவர்கள் ஒரு பக்கமும், காணி கழுவுண்டு போவதைப் பற்றி நீங்கள் மறுபக்கமும் முறையிட்டால் எவரும் செவிசாய்ப்பதில்லை. இரண்டும் ஒரே மண்ணின் கதை என்று சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போனால் கேட்காமல் இருக்க முடியாது.

இவற்றைச் செய்தால் களப்பு நாளையே தெளிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். மேலே அணைகளுக்கும் வயல்களுக்கும் பொறுப்பானவர்கள் தம் பங்கைச் செய்யாமல் கீழே இருப்பவர் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலையல்ல இது. கைவிடப்பட்ட இறால் குளங்களை என்ன செய்வதென்பதை அரசாங்கம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் உங்கள் காணியின் வாய்க்கால் வாயில் இருக்கும் குழி உங்கள் கையில் இருக்கிறது.

சில கிழமைகளுக்குப் பின் அந்த விவசாயியைப் போய்ச் சந்தித்து, ஐந்து வருடக் குத்தகை பற்றிப் பேசினேன். கேட்டுவிட்டு அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “காணிக்காரர் சம்மதிப்பாரா பாதர்?” என்றார். கேட்டுப்பார்த்தால்தானே தெரியும் என்றேன். தடி இரண்டை வெட்டி, நூலில் கல்லைக் கட்டி, அவருடைய பேரன் காணிக்குள் காலை மாற்றி மாற்றி நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் அவரும் முளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காணிக்காரரிடம் பேச, வரும் ஞாயிறு பின்னேரம் நாங்கள் மூவருமாகப் போவதாக இருக்கிறோம்.